கடைசியா வைங்கண்ணே

கிடங்கில் இரண்டு பாஷை உண்டு. ஏற்றுகிறவர்களின் பாஷை ஒன்று, ஓட்டுகிறவர்களின் பாஷை இன்னொன்று. இரண்டும் தமிழ்தான். ஆனால் "முதல்" என்ற சொல்லும் "கடைசி" என்ற சொல்லும் வருகிற இடத்தில் மட்டும் எதிரும் புதிருமாக நிற்கும். ஏற்றுகிறவருக்கு முதலில் உள்ளே போகிற பெட்டிதான் முதல். ஓட்டுகிறவனுக்கு அதுவே கடைசி, ஏனென்றால் அது லாரியின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றதெல்லாம் இறங்கிய பிறகுதான் அது வெளிச்சத்தைப் பார்க்கும். இந்தக் குழப்பமே வேண்டாம் என்று அங்கே யாரும் அந்த இரண்டு சொற்களையும் தொடுவதில்லை. "உள்ள வை", "வாசல்ல வை", அவ்வளவுதான் பேச்சு. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு லாரிச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

அவன் புதிதாக வந்தவன் அல்ல. வருஷக்கணக்கில் ஓட்டுகிறவன். தெரிந்திருந்தும் நேற்று சாயங்காலம் வாய் தவறிவிட்டது. வாய் தவறியதற்குக் காரணம் அவன் மனைவி. இல்லை, அப்படிச் சொல்வது அவளுக்கு நியாயம் செய்ததாகாது. மனைவியைப் பற்றி வாய் திறக்க அவனுக்கிருந்த கூச்சம்தான் காரணம்.

ஒரே நாளில் எட்டு இடங்களுக்குச் சரக்கு இறக்குகிற லாரி அவனுடையது. கூட ஆள் கிடையாது. ஓட்டுவதும் அவனே, இறக்குவதும் அவனே, பில்லில் கையெழுத்து வாங்குவதும் அவனே. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஓடிய பிறகும் கிடங்கில் அவனுக்குப் பட்டப்பெயர் "புதுமாப்பிள்ளை". வேலை முடிந்ததும் ஒரு டீக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடுகிறான் என்று வைத்த பெயர். ஓடிப்போய் என்ன கண்டான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவன் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே போனால் ஊர் அடங்கிய பிறகுதான் திரும்புவாள். அவனோ விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். அவள் வரும்போது அவன் தூக்கத்தில் இருப்பான்; அவன் கிளம்பும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள். அவனுக்கு ஞாயிறு லீவு. ஞாயிறன்று அவளுக்கு இரட்டை ஷிப்ட், காலையிலேயே போய்விடுவாள். அவளுக்கு வார நடுவில் ஒரு நாள் லீவு இருந்தது. சலவைக்கூடத்தில் இரண்டு பேர் ஒன்றாக வேலையை விட்டு நின்றதிலிருந்து, புது ஆள் வரும்வரை பொறுத்துக்கொள் என்று அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரே கட்டில், ஒரே போர்வை. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்திருப்பது என்றால் அமாவாசையும் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்தாக வேண்டும்.

அவள் தூங்குகிற முகம் அவனுக்கு மனப்பாடம். வலது கையைக் கன்னத்துக்கு அண்டக் கொடுத்துத் தூங்குவாள். விரல் நுனிகள் சலவை நீரில் ஊறிச் சுருங்கியிருக்கும். சூடான துணியின் வாசனை தலையணையில் ஏறியிருக்கும். கல்யாணமான புதிதில் ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தான்: அவள் விழிக்கும்போது இரண்டு கண்ணும் திறப்பதற்கு முன்னால் இடது புருவம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். யார் எழுப்புகிறது என்று அந்தப் புருவம் தனியாக வந்து எட்டிப்பார்ப்பது போல இருக்கும். இப்போதும் அது அப்படித்தான் ஏறுகிறதா என்று அவனுக்குத் தெரியாது. எழுப்பிப் பார்க்கலாம்தான். ஆனால் நாலைந்து மணி நேரம்கூடத் தூங்காதவளை, புருவம் பார்ப்பதற்காக எவன் எழுப்புவான்?

போன் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. மத்தியானம் அவள் விழித்ததும் பேசிக்கொள்வார்கள். அவன் ஒரு காதில் லாரிச் சத்தத்தோடு, அவள் ஒரு கையில் கரண்டியோடு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அவன் அம்மா வேறு வாராவாரம் அழைத்து, "விசேஷம் ஏதாவது உண்டாப்பா?" என்று கேட்பார். "இன்னும் இல்லம்மா" என்பான். விசேஷத்துக்கு இரண்டு பேரும் விழித்திருக்க வேண்டும் என்பதைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது?

இப்படியிருக்கையில்தான் நேற்று சாயங்காலம் மறுநாளுக்கான பில்களைப் புரட்டிக்கொண்டிருந்தவன் ஒரு தாளில் நின்றுபோனான். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி. இதுவரை அவன் வழியில் வந்ததே இல்லை. வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்த சரக்கு இந்தக் கிடங்குக்கு மாறியிருந்தது. அவள் போன் அந்நேரம் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும், மற்ற இடங்களை முடித்துவிட்டு நாளைக்கு மூணு மணிக்கு அங்கே வருகிறேன் என்று குரல் செய்தி அனுப்பினான். இடைவேளையில் அவள் பதில் அனுப்பியிருந்தாள். பின்னால் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"மூணு மணிக்கே வந்துடறேன். மெயின் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு இருக்கு. நாலு மணி வரைக்கும் நம்ம நேரம். கண்ணைத் தொறந்து ஒரு தடவை நல்லாப் பாத்துக்கலாம், என்ன?"

அதைக் கேட்டுவிட்டு, கேட்ட சூட்டோடு அவன் கொத்தனாரிடம் போனான். அவர் நிஜக் கொத்தனார் இல்லை. கிடங்கில் சரக்கு ஏற்றுகிறவர். பெட்டிகளைச் செங்கல் மாதிரி மூட்டுக்கு மூட்டு மாற்றி அடுக்குவார். எந்தக் குழியில் இறங்கினாலும் அவர் எழுப்பிய சுவர் சாயாது. அதனால் அந்தப் பெயர்.

"அண்ணே, நாளைக்கு ஆஸ்பத்திரி சரக்கு இருக்கில்ல?"

"இருக்கு. பெட்ஷீட் மூட்டையும் சோப்புத் தண்ணி கேனும். நடுவுல வருது. அதுக்கு என்ன இப்ப?"

"அதைக் கடைசியா வைங்கண்ணே."

கொத்தனார் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரில என்ன வேலை? ஊசி போட்டுக்கணுமா?"

"சும்மாதாண்ணே. ரூட்டுக்கு வசதியா இருக்கும்."

பெண்டாட்டியைப் பார்க்கத்தான் என்று சொல்லியிருந்தால் கொத்தனார் சிரித்திருப்பார். அவரிலிருந்து கிடங்கே சிரித்திருக்கும். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு ஒரு மாதத்துக்கு அவல் கிடைத்திருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் "உள்ளே", "வாசல்" என்று விளக்கிக்கொண்டு நிற்காமல் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு நழுவினான்.

"கடைசியாத்தானே? வெச்சுட்டாப் போச்சு" என்றார் கொத்தனார்.

இன்று விடியற்காலை கிளம்பும்போது அவள் வழக்கம்போல் கையைக் கன்னத்துக்கு அண்டக் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூணு மணிக்கு என்று அந்தக் காதுக்குள் சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லாமல், அவளுடைய செருப்பை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

முதல் இடம் பெயிண்ட் கடை. கிடங்கில் போட்ட பூட்டை அங்கே திறந்து கதவை விரித்தான். விரித்த கையை மடக்கவில்லை.

அடியிலிருந்து கூரை வரைக்கும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஆஸ்பத்திரிச் சரக்கு. வெள்ளை மூட்டைகளும் நீலக் கேன்களும் மூட்டுக்கு மூட்டு மாறி, விரல் நுழைய இடமில்லாத சுவர். கொத்தனார் சொன்ன சொல் தவறாத மனிதர். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் அவன் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். தப்பு யாருடையது என்று ஒழுங்காக யோசித்தான். எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் தன் வாய்க்கே வந்து நின்றது. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு மூட்டையாகத் தெருவில் இறக்க ஆரம்பித்தான்.

பாதி இறக்கியிருப்பான், போன் அடித்தது. ஆபீஸ் அக்கா. எல்லா லாரிகளையும் திரையில் புள்ளிகளாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்.

"தம்பி, உன் புள்ளி அரை மணி நேரமா நகரவே இல்லையே?"

"பெரும்புள்ளி ஆயிட்டேன்க்கா. அவசரமா நகர முடியல."

"விளையாடாத. என்ன ஆச்சு?"

சொன்னான்.

"அவ்வளவுதானே? ஆஸ்பத்திரி சரக்கு வாசல்ல இருந்தா முதல்ல அங்க போய்க் குடுத்துட்டு வாயேன். எதுக்கு மெனக்கெட்டு இறக்கி ஏத்தற?"

"காலைல அங்க வாங்க மாட்டாங்கக்கா" என்றான். வாங்குவார்களா மாட்டார்களா என்று அவனுக்குத் தெரியாது.

"யார் சொன்னா?"

"தெரிஞ்சவங்க இருக்காங்க."

"சரி, என்னவோ பண்ணு. வெயில்ல சாயாத" என்று வைத்துவிட்டார்.

தெருவில் மூட்டைகளை இறக்கி, பெயிண்ட் டப்பாக்களைக் கடைக்குள் சேர்த்து, மறுபடி மூட்டைகளை ஏற்றினான். கல்லாவில் இருந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெயிண்ட் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தம்பி, இறக்கறீங்க, ஏத்தறீங்க, மறுபடி இறக்குவீங்களா? எதுக்காவது பயிற்சி எடுக்கறீங்களா?"

"ஆமாண்ணே. குடும்பம் நடத்த."

இரண்டாவது நோட்டுப் புத்தகக் கடை. மூன்றாவது குளியலறைச் சாமான் கடை. இரண்டு இடத்திலும் அதே கூத்து. மூட்டையாவது பரவாயில்லை, கேன் இருக்கிறதே, அது தூக்கும்போது உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி ஆளையும் கூடச் சாய்க்கும். மூன்றாவது இடத்தில் சரக்கு இறங்கிய பிறகுதான் லாரிக்குள் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சரக்கையெல்லாம் ஒரு பக்கமாகச் சாத்தி அடுக்கி, ஆள் நுழைகிற மாதிரி ஒரு சந்து விட்டான். இனிமேல் இறக்கி ஏற்ற வேண்டாம். ஆனால் போன நேரம் போனதுதான்.

அவன் அங்கேயே படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது அவள் அழைத்தாள்.

"முழிச்சிட்டியா?"

"முழிச்சு, குளிச்சு, சமைச்சு முடிச்சாச்சு. செருப்பை யாரு திருப்பி வெச்சது?"

"காத்துல திரும்பியிருக்கும்."

"எங்க இருக்கீங்க?"

"மூணாவது இடம்."

"மத்தியானம் ஆச்சு, இன்னும் மூணாவதா?"

அவன் நடந்ததைச் சொன்னான். அந்தப் பக்கம் ஏதோ இருமல் மாதிரி கேட்டது. அப்புறம்தான் தெரிந்தது, போனைத் தள்ளி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று.

"கடைசியா வைங்கன்னு சொன்னா அந்த மனுஷன் கடைசியா வைக்காம வேற என்ன பண்ணுவார்?"

"நீயும் அந்தக் கட்சிதானா?"

"சரி, பேசாம காலைலயே குடுத்துட்டு, மூணு மணிக்கு லாரியை மட்டும் இந்தப் பக்கம் கொண்டாந்து நிறுத்தியிருக்கலாம்ல?"

"எப்படி நிறுத்தறது? சரக்கு இல்லாத இடத்துல புள்ளி நின்னா அந்த அக்கா கேள்வி கேட்டே கொன்னுடுவாங்க. அங்க நிக்கறதுக்கு ஒரு பில் வேணும்."

"கட்டின பொண்டாட்டியப் பாக்கறதுக்கும் பில்லா?"

"ஆமா. சீல் வெச்ச பில்."

இந்தத் தடவை இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் போனில் ஒரு வெற்றிடம் வந்தது. எப்போதும் வருவதுதான். முகம் தெரிந்தால் அந்த இடத்தில் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். போனில் அதற்கு வழியில்லை, எதையாவது பேசித்தான் நிரப்ப வேண்டும்.

"நான் கிளம்பி வந்துடறேன். நீங்க பதறாம வாங்க" என்றாள் அவள்.

பதறாமல் வா என்று யாராவது சொன்னால்தான் பதற்றம் வருகிறது. நாலாவது ஒரு விடுதி. மெத்தைகள். மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒவ்வொரு மெத்தையும் மடங்கி நின்றுகொண்டு, வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஐந்தாவது கடையில் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் கணக்குப் பார்க்கும் பெண். ஆறாவது இடத்தில் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு யாருடைய காரோ நின்றது. யாருடையது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். கார்க்காரர் பல் குத்திக்கொண்டு நிதானமாக வந்து, "ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?" என்றார்.

மூன்று மணி அவன் லாரிக் கண்ணாடிக்கு வெளியே எங்கேயோ கடந்து போனது.

இன்னும் பேக்கரி ஒன்று பாக்கி. அது முடிந்தால் ஆஸ்பத்திரி. அவள் அழைத்தாள்.

"நான் வந்துட்டேன். பெஞ்சுல உக்காந்திருக்கேன். வெயில் கால்ல மட்டும் படுது."

"பேக்கரி ஒண்ணுதான்."

"சரி."

"கோவமா?"

"கோவம் இல்ல. இந்தப் பக்கம் ஒரு லாரி வந்தா எழுந்து பாக்கறேன். இதோட நாலு தடவை எழுந்துட்டேன். பக்கத்துல இருக்கறவர் எனக்கு உக்கார்ற இடத்துல ஏதோ பிரச்சினைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கார்."

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. இடது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி, கால் மணி நேரம்கூட ஆகாது. வலது பக்கம் பேக்கரி. அவன் இடது பக்கத்து விளக்கைப் போட்டான். அது டக் டக் என்று துடித்தது. பேக்கரிக்காரம்மா மத்தியானத்திலிருந்து இரண்டு தடவை அழைத்திருந்தார். "மாவு டப்பா காலி தம்பி. நீங்க வந்தாத்தான் சாயங்காலத்துக்குப் பிசையணும். அடுப்பைப் பத்த வெச்சுட்டுக் காத்திட்டு இருக்கேன்." அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுக் காத்திருக்கிற ஒரு அம்மா வலது பக்கம், வெயிலில் காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கிற ஒருத்தி இடது பக்கம். சரக்கு மாறி இறங்கிவிட்டது, வழி தவறிவிட்டது, டயரில் காற்றில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்ல எத்தனையோ பொய்கள் இருந்தன. இவளிடம் பொய்யே தேவையில்லை, புரிந்துகொள்வாள். அதுதான் சிக்கல். புரிந்துகொள்கிறவர்களைத்தான் எல்லோரும் காத்திருக்க வைக்கிறார்கள்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஒலி எழுப்பினார்கள். அவன் வலது பக்கம் திருப்பினான்.

பேக்கரியில் கடைசிக்கு முந்தின மாவு மூட்டை தோளில் இருக்கும்போது பையில் போன் அதிர்ந்தது. எடுக்க முடியவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, மாவுக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் அனுப்பியிருந்த குரல் செய்தியைக் கேட்டான்.

"நான் உள்ள போறேங்க. போனை லாக்கர்ல வைக்கணும். நீங்க மெதுவா வாங்க. சாப்பிட்டுட்டு வாங்க."

பேக்கரிக்காரம்மா இரண்டு பன்களைத் தாளில் சுற்றி அவன் கையில் திணித்தார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க தம்பி" என்றார். அவன் பன்னைக் கடித்துக்கொண்டே லாரியில் ஏறினான்.

மெயின் கேட்டைத் தாண்டும்போது அந்தப் பெஞ்சைப் பார்த்தான். கையில் கட்டுப் போட்ட ஒருவர் ஒற்றைக் கையால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. இங்கே ஒரு பெண் இருந்தாளா, எப்படி இருந்தாள், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றெல்லாம் அவரிடம் கேட்கலாம் போலிருந்தது. மனைவியைப் பற்றி ஊரானிடம் விசாரிக்கிற நிலைமை வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு லாரியைப் பின்பக்கம் விட்டான்.

சரக்கு வாங்குமிடத்தில் இருந்தவர் பில்லைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது சலவைக்கூடச் சரக்கு. இங்க இறக்கினா நான்தான் தள்ளிக்கிட்டுப் போகணும். நேரா அந்தக் கோடிக்கு விடுங்க. நீலக் கதவு. மணி அடிச்சா வருவாங்க."

அவனுக்கு இது தெரியாது. இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்தவன். கியரை மாற்றி அந்தக் கோடிக்கு விட்டான்.

நீலக் கதவு திறந்ததும் நீராவியும் சூடான துணி வாசனையும் முதலில் வந்தன. அவன் தலையணையின் வாசனை. பிறகு மேற்பார்வை அம்மா வந்தார். தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த குரல்.

"இப்பத்தான் வர்றீங்களா? போன தடவை ஒருத்தன் குறைச்சுக் குடுத்துட்டு ஓடிட்டான். எண்ணித்தான் வாங்குவோம்." உள்ளே திரும்பி, "யாராவது ஒரு ஆள் வண்டியை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை ஈரம். கண் இரண்டும் திறந்திருந்தன.

அவ்வளவுதான். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவனுக்கு ஒரு நிமிஷம் லாரியின் கதவை எந்தப் பக்கம் திறப்பது என்று மறந்துபோயிற்று.

"அண்ணன்கிட்ட பில்லை வாங்கிக்கோ" என்றார் மேற்பார்வை அம்மா.

அவளுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. யாரை வேண்டுமானாலும் அண்ணன் என்று கூப்பிடலாம், கட்டினவனைக் கூப்பிட முடியுமா? உதட்டைக் கடித்துக்கொண்டு, "பில்லைக் குடுங்க, டிரைவர் சார்" என்றாள்.

அவன் லாரிக்குள் ஏறி நின்று ஒவ்வொன்றாக நீட்ட, அவள் கீழே நின்று வாங்கி அடுக்கினாள். கேன்கள் முதலில். பிறகு மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையும் ஒரு கணம் இரண்டு பேர் கையிலும் இருந்தது. மேற்பார்வை அம்மா கதவோரம் நின்றிருந்ததால் மூட்டைக்கு அடியில்தான் பேச்சு.

"சாப்பிட்டீங்களா?"

"பன்."

"பன்னா?"

"ரெண்டு."

அடுத்த மூட்டை.

"முகமெல்லாம் மாவு." அவள் கை தானாக மேலே வந்தது. பாதியில் நின்று, தொப்பியைச் சரிசெய்வது போல் திரும்பிப் போயிற்று. "துடைச்சுக்கோங்க."

அடுத்த மூட்டை.

"எளச்சிட்டியா?"

"தொப்பி போட்டா அப்படித் தெரியும்."

அவன் மூட்டைகளை எவ்வளவு மெதுவாகத் தூக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தூக்கினான். காலையிலிருந்து இதே மூட்டைகளை எரிச்சலோடு இறக்கியும் ஏற்றியும் கொண்டிருந்தவன், இப்போது இன்னும் ஒரு சுவர் இருந்தால் என்ன என்று நினைத்தான். மூட்டைகளுக்கு அது தெரியவில்லை. தீர்ந்துகொண்டே வந்தன.

கடைசி மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் மேற்பார்வை அம்மா.

அவள் அவன் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறியது.

"ஒண்ணு குறையுதும்மா" என்றாள், தள்ளுவண்டியை நன்றாக எண்ணிப் பார்த்தவள் போல.

அவன் மூட்டையோடு அப்படியே இரண்டு அடி பின்னால், லாரியின் இருட்டுக்குள் போனான்.

"பாத்தியா, நான் சொல்லலை? இந்த டிரைவருங்க எல்லாம் ஒரே மாதிரி." மேற்பார்வை அம்மாவின் குரல் உயர்ந்தது. "நாளைக்கே வந்தாகணும். கேட்டுதா?"

"கேட்டுதுங்கம்மா" என்றான் இருட்டிலிருந்து.

"எத்தனை மணிக்கு வருவீங்க, டிரைவர் சார்?" என்று கேட்டாள் அவள்.

"மூணு."

"மூணுன்னா மூணா? இல்ல, அதுக்கும் வேற ஏதாவது அர்த்தம் இருக்கா?"

"மூணுன்னா மூணுதாங்க."

"மூணு மணிக்கு வந்தா யாரு வாங்கறது? பகல் ஷிப்ட் ஆளுங்க கிளம்பற அவசரத்துல இருப்பாங்களே" என்றார் மேற்பார்வை அம்மா.

"நான் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து வாங்கி வெச்சிடறேம்மா."

மேற்பார்வை அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன்னை மாதிரி பொறுப்பா இன்னும் ரெண்டு பேர் இருந்தா இந்தக் கூடம் உருப்படும்" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பில்லில் "ஒன்று குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தள்ளுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. நீலக் கதவு மூடியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

ஆபீஸ் அக்காவிடம் அவன்தான் முந்திக்கொண்டு அழைத்தான். "ஒரு மூட்டை மூலையில கிடந்திருக்குக்கா. நான் கவனிக்கல. அதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. கொத்தனார் மேல தப்பு இல்ல. நாளைக்கு மூணு மணிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க."

"ஒரு மூட்டைக்காக நாளைக்கு அவ்வளவு தூரமா? உனக்கு என்னதான் ஆச்சு இன்னிக்கு?" வசவு நாற்சந்தி வரைக்கும் நீடித்தது. அவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரிக்கா, சரிக்கா என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

கிடங்குக்குள் லாரியைப் பின்னோக்கி விட்டு நிறுத்தியதும் கொத்தனார் வந்து கதவைத் திறந்தார். காலி லாரி. ஒரு ஓரத்தில் ஒற்றை மூட்டை.

"என்ன மாப்பிள்ளை, இது ஏன் திரும்பி வந்திருக்கு? நான் எண்ணித்தானே ஏத்தினேன்."

"நீங்க சரியாத்தான் ஏத்தினீங்கண்ணே."

"அப்புறம்?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். டீக் குவளைகளோடு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நேற்று விழுங்கிய சொல் இன்னும் தொண்டையில்தான் இருந்தது.

"அந்த ஆஸ்பத்திரிலதாண்ணே என் பொண்டாட்டி வேலை பாக்கறா. அவளைப் பாக்கத்தான் கடைசியா வைக்கச் சொன்னேன். நாளைக்கும் பாக்கணும்."

கொத்தனார் சிரிப்பார் என்று காத்திருந்தான். டீக் குவளைகளுக்குப் பின்னால் யாரோ சிரிக்கவும் செய்தார்கள். கொத்தனார் மட்டும் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை நேத்தே வாயைத் தொறந்து சொல்லியிருந்தா உள்ள தள்ளி வெச்சிருப்பேன்ல? நாள் பூரா தெருத்தெருவா இறக்கி ஏத்தினியா?"

"ஆமாண்ணே."

"மடையா." அவர் ஏறி மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, தெளிவாச் சொல்லு. இதை நாளைக்கு எங்க வைக்கணும்? உள்ளயா, வாசல்லயா?"

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"ரெண்டும் வேண்டாம்ணே. முன்னாடி, என் பக்கத்து சீட்ல வைங்க."